உள்ளிருந்து பூசிய வாசல்

அடுத்தவர் குடும்ப விஷயம் என்றால் அந்த மைனாவுக்கு இரை தேடுவதுகூட மறந்துபோகும். அன்று பக்கத்து மரப்பொந்தைப் பார்த்துப் பதறியது. உள்ளே பெண் இருவாச்சிப் பறவை; வாசலோ மண் பூசி அடைத்திருந்தது. அலகு நுழைய மட்டும் ஒரு கீறல்.

"அடப்பாவி! கட்டிக்கிட்டவளை இப்படிச் சிறை வச்சுட்டானே! இருங்கக்கா, கொத்தி உடைக்கிறேன்."

"உடைச்சிடாதே தங்கச்சி. உள்பக்கம் பூசினது நான்தான். முட்டை இருக்கு, பாம்பு வந்துடக் கூடாதில்ல?"

"சாப்பாட்டுக்கு?"

"அவர் கொண்டு வருவார்."

"வரலைன்னா?"

இருவாச்சி கீறல் வழியே வானத்தைப் பார்த்தது. "வரலைன்னா, அவர் உயிரோட இல்லைன்னு அர்த்தம்."

மழை பிடித்துக்கொண்டது. கொட்டுகிற மழையில் ஆண் இருவாச்சி தள்ளாடி வந்து, தொண்டையில் அடக்கி வைத்திருந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கீறல் வழியே ஊட்டியது. தனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. மைனா கிளம்பியது.

வழியில் அதன் புருஷன் தொப்பலாக நனைந்து, மரம் மரமாகக் கத்திக்கொண்டு பறந்து வந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? காடு பூரா தேடிட்டேன்!"

வேறு நாளாக இருந்தால் மைனா பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கும். அன்று அருகில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை திட்டுங்க" என்றது.