மேஜரின் தைரியம்

குட்டியானை வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. வத்திராயிருப்புத் தென்னந்தோப்புக்காரர் சமுத்திரம் கையில் சங்கிலியோடு இறங்கினார்.

மேஜரை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார்.

ஏழு மாத நாய்க்குட்டி. அசல் ராஜபாளையம். பால்பல்லெல்லாம் விழுந்து புதுப்பல் முளைத்த பிறகும் கடித்து விளையாடுவதை விடவில்லை. சிலிண்டர் போட வந்தவரின் முழங்கை, என் மனைவி வெங்கடேஸ்வரியின் கெண்டைக்கால் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

‘விடு’ என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாயிற்று. அடிபட்ட குட்டி மாதிரி வீலென்று கத்தினால் விட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியும் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. மேஜர் பார்க்கவில்லை.

அந்தத் திமிர் எனக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. போன வாரம் கல்யாண வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது காதைக்கூட அசைக்காமல் தூங்கியவன் அவன். எங்கள் ஊர் நாயென்றால் சும்மாவா என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

வெங்கடேஸ்வரிக்கு அந்தப் பெருமையெல்லாம் செல்லாது.

“இன்னொரு கடி விழுந்துச்சுன்னா தோப்புக்குத்தான் போவான், பாத்துக்கோங்க.”

நேற்று அந்த இன்னொரு கடியும் விழுந்துவிட்டது.

சமுத்திரம் சங்கிலியை மாட்டக் குனிந்த நேரத்தில்தான் என் தங்கை பானுப்பிரியா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவள். தையல் கடையை விட்டு நகர முடியாமல் மேஜரை வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

மேஜர் சமுத்திரத்தின் கையிலிருந்து நழுவி அவளை நோக்கிப் பாய்ந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் இரண்டு கையையும் ஆட்டி ‘வராதே’ என்று காட்டுவதற்குள் அவள் மணிக்கட்டு அவன் வாய்க்குள் போய்விட்டது.

பானு கையை உதறவில்லை. தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மேஜர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அடுத்த கையை அவன் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

விட்டுவிட்டான்.

மறுபடி பாய்ந்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். அவன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். மறுபடி ஒரு மிதி, மறுபடி விரித்த கை. இந்த முறை பொத்தென்று உட்கார்ந்தான்.

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

பானு சமுத்திரத்தைப் பார்த்து, வண்டியின் ஹாரனை அடிக்கும்படி கையால் காட்டினாள். அவர் குழம்பிப்போய் ஏறி அழுத்தினார். நானும் வெங்கடேஸ்வரியும் துள்ளி விழுந்தோம்.

மேஜர் அசையவில்லை. பானுவும் அசையவில்லை.

அவள் தன் காதைத் தொட்டாள். பிறகு மேஜரின் காதைத் தொட்டாள். இல்லை என்று கையை விரித்தாள்.

சின்ன வயதில் தெருவில் யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், நான் ஓடிப்போய் அவர்களுக்குக் காட்டுகிற சைகை அது.

“அண்ணாச்சி, சங்கிலிய எடுத்துக்கிட்டு நீங்க கெளம்புங்க” என்றாள் வெங்கடேஸ்வரி.

பிறகு பானுவின் எதிரே போய் நின்று உள்ளங்கையை விரித்து, சரியா என்று கண்ணால் கேட்டாள். பானு அவள் விரல்களைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள்.