போர்டைப் பார்த்து எழுதியது

"இது நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார் ஜோதிமணியின் வக்கீல்.

ஜெகதீஷ் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் எழுதியதுதான். முத்து முத்தாக வேறு எழுதித் தொலைத்திருந்தான்.

"ஆமாங்க."

வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பி உரக்கப் படித்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

பிறகு தேதியைப் படித்தார். பிரிந்து போன மனைவி ஜோதிமணியிடம் வளரும் மகள் பிரியதர்ஷினிக்கு மாதம் ஆறாயிரம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று இதே கிருஷ்ணகிரி கோர்ட் உத்தரவு போட்ட ஒன்பதாம் நாள்.

"பெத்த பொண்ணுக்குச் சோறு போடக் கூடாதுன்னு, இருந்த வேலையையே விட்டுட்டு வந்து நிக்கிறாரும்மா" என்றார்.

கேட்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஜெகதீஷுக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

ஓசூரில் அவன் இருந்த கம்பெனியில் வேலை போகிற விதம் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? அங்கே யாரும் யாரையும் நீக்குவதில்லை. எல்லாரும் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள். ஒரே காலையில், ஒரே கேன்டீனில், நூற்று நாற்பது பேர் விலகிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மெஷினை ஆன் செய்யவே விடவில்லை. நேராகக் கேன்டீனுக்குக் கூட்டிப் போனார்கள். ஹெச்.ஆர். ஆள் வெள்ளை போர்டில் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். பெயரும் டோக்கன் நம்பரும் மட்டும் காலி. அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் செட்டில்மென்ட் உண்டு, போடாவிட்டால் அதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதுகிற மாதிரி நூற்று நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். காரணம் என்ன போடுவது என்றுகூட யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

செட்டில்மென்ட் பணம் மூன்று மாத ஜீவனாம்சத்துக்கும் வாடகை பாக்கிக்கும் போயிற்று. அதன் பிறகு ஏழு மாதமாக அவன் கட்டவில்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறான். மழை பிடித்தால் அந்த வேலையும் இல்லை. அதனால்தான் தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். மனு நிற்காவிட்டால் பாக்கிக்காக ஜெயிலுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னான். கோர்வையாக வரவில்லை. போர்டப் பாத்து எழுதினதுங்கம்மா என்று மூன்று தடவை சொன்னான்.

நீதிபதி கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "சரிப்பா. நூத்தி நாப்பது பேருங்கற. நீ சொல்றது நெஜம்னு சொல்ல ஒருத்தராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். பாதிப் பேர் தேனி, ராமநாதபுரம் என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரில் பலர், கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் எப்போது திரும்பக் கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறந்தவனைக் கூப்பிட மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்டிப்பா வர்றேன் மச்சான் என்று நேற்று சொன்ன, கூட வேலை பார்த்த முனிவேலின் போன் காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

ஜெகதீஷ் திரும்பிப் பார்த்தான். எதிரே ஜோதிமணி நின்றாள். இரண்டு வருஷமாக அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காதவள், இப்போது கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தாள்.

ஒரு பெயர் சொன்னால் போதும், கூண்டில் ஏற்றிக் கேட்டுவிடுவார்கள். தொண்டை வரைக்கும் வந்தது. அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"யாரும் இல்லீங்கம்மா."

மனு தள்ளுபடியாயிற்று. முப்பது நாளில் பாக்கியைக் கட்ட வேண்டும், தவறினால் வாரன்ட்.

வெளியே பைக்குகள் நிற்கிற இடத்துக்கு வந்தபோது பின்னால் யாரோ வேகமாக வருகிற சத்தம் கேட்டது. ஜோதிமணிதான். வக்கீல் டீக்கடைக்குப் போய்விட்டாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"எம் பேரச் சொல்லிருவீங்களோன்னு எனக்கு உசுரே இல்ல."

அன்று கேன்டீனில் அவனுக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து, அதே போர்டைப் பார்த்து எழுதியவள் அவள். பேக்கிங் செக்‌ஷன். மூச்சுக் காட்டாத இருபது பேரைப் போன மாதம் கான்ட்ராக்டர் பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டான். அதில் அவளும் ஒருத்தி. கூண்டேறிச் சாட்சி சொன்னால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பிரியதர்ஷினி இப்போது சாப்பிடுகிற சோறு அந்தப் பாதிச் சம்பளத்தில் வேகிறது.

ஜோதிமணிக்கு ஓசூரில் மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட். இருந்தும் போகாமல் நின்றாள்.

"நீங்களா வேலைய விடலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா கேஸ வாபஸ் வாங்க மாட்டேன். ஃபீஸ் கட்டலன்னு பாப்பாவ கிளாசுக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்க. நீங்க உள்ள போற மாதிரி வந்தா உங்கண்ணன் எப்படியாச்சும் பணத்தப் பொரட்டிட்டு வருவாரு. எனக்கு வேற வழி தெரியல."

அண்ணன் வர மாட்டான். அது ஜெகதீஷுக்குத் தெரியும். அதை இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டான்.

"சரி, கெளம்பு. பஸ்ஸ விட்டுறப் போற" என்றான்.