சார்ஜ் ஏறாத புல்லட்

"உண்மையைச் சொல்லு இருசப்பா. வொயரைக் கழட்டி விட்டது நீதானே?"

அப்பாசாமி சத்தம் போடாமல்தான் கேட்டார். ஆனாலும் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் கிளாசும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் இருசப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

திருவண்ணாமலையில் பழைய புல்லட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அவன் பட்டறையைத்தான் காட்டுவார்கள். எஞ்சின் வேலைக்கு நாலு பேர் கிடைப்பார்கள். வொயரிங் என்றால் இருசப்பன்தான்.

அப்பாசாமிக்கு வேர்க்கடலை வியாபாரம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊர் ஊராகச் சுற்றுவது மாமனார் ஓட்டிய புல்லட்டில்தான். கொஞ்ச நாளாக அதற்கு ஒரு வியாதி. பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. பகலில் எப்படியோ ஓடும். விளக்கைப் போட்டால் மீட்டர் முள் இடப்பக்கம் சாயும், வெளிச்சம் மங்கும், கொஞ்ச தூரத்தில் வண்டியே நின்றுவிடும். அதனால் பொழுது சாய்வதற்குள் அவர் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

முதல் தடவை கொண்டுவந்தபோது இருசப்பன் டைனமோவில் ஒரு பல்பைக் கட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"டைனமோ நல்லாத்தான் இருக்கு ண்ணா. அங்கிருந்து வர்ற வொயர்லதான் கோளாறு."

பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை. அப்புறம், "லூஸ் கான்டாக்ட்" என்று மட்டும் சொன்னான்.

அவன் மாட்டிவிட்டதும் முள் வலப்பக்கம் சாய்ந்தது, விளக்கு ஜோராக எரிந்தது. சில நாளில் மறுபடியும் அதே வியாதி. மறுபடியும் லூஸ் கான்டாக்ட்.

அடுத்த தடவை அப்பாசாமி இவனிடம் வரவில்லை. ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனபின் பஸ் ஸ்டாண்டு பக்கம் முளைத்த புதுக் கடை ஒன்றுக்குப் போனார். அந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து அவரையே பார்க்கச் சொன்னான்.

"இது தானா கழண்டது இல்ல சார். திருகைக் கழட்டி வொயரை எடுத்து, நுனியில துணி சுத்தி, உள்ள தள்ளி வெச்சிருக்காங்க. வண்டியை வேற யாரு தொடுவாங்க?"

"இருசப்பனைத் தவிர யாரும் தொட மாட்டாங்க."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. வேலை தீராமல் வந்துகொண்டே இருக்க இது ஒரு வழி. அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டார்.

"கேக்கிறேன் இல்ல. நீதானே?"

இருசப்பன் அவரை ஒரு தரம் பார்த்தான்.

"ஆமா ண்ணா. நான்தான்."

டீக்கடையில் ஒருவர், "இவனை நம்பியா வண்டியை விட்டோம்" என்றார். இன்னொருவர் வேலைக்கு விட்டிருந்த தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இருசப்பன் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாசாமி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

பச்சையம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவரே ஒத்துக்கினாரா?"

"எல்லார் எதிர்லயும்."

"அவரு எதுக்குங்க ஒத்துக்கணும்? கழட்டினது நான்."

"நீயா? எதுக்கு?"

"போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையிலருந்து இருட்டற நேரத்துல வந்தோமே. கிரிவலம் போற கூட்டத்துல ஒரு பொம்பளை நம்ம வண்டி மேல ஏறிடுமோன்னு கொழந்தையை இழுத்துக்கினு ஓரமா விழுந்தா. பின்னாடி உக்காந்திருந்த நான் பார்த்தேன். முன்னாடி இருந்த உங்களுக்கு அது தெரியவே இல்ல. பேசிக்கினே ஓட்டினீங்க."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

"பொழுது சாஞ்சா உங்களுக்குக் கண்ணு தெரியல. ஆஸ்பத்திரின்னு சொன்னா எரிஞ்சு விழறீங்க. வேற எப்படி உங்களை நேரத்தோட வீட்டுக்கு வரவைக்கிறது? இந்த வொயர் போனா விளக்கு ரொம்ப நேரம் எரியாதுன்னு இருசப்பன் ஒரு நாள் நம்ம வாசல்ல உங்களுக்குக் காட்டிக்கினு இருந்தாரு. நானும் பாத்துக்கினேன்."

"அவன்கிட்ட இதைச் சொன்னியா?"

"ஒரு வார்த்தை பேசினதில்லைங்க."

மறுநாள் காலை அப்பாசாமி நடந்தே பட்டறைக்குப் போனார். டீக்கடையில் அதே ஆட்கள். அவர்களைப் பார்த்து, கேட்கிற மாதிரியே சொன்னார்.

"நேத்து இவனைத் தப்பாப் பேசிட்டேன். இருட்டினா எனக்குக் கண்ணு தெரியல. அதுக்காக எங்க வீட்ல கழட்டி வெச்சது அந்த வொயர். இவன் கழட்டல."

அப்பாசாமி இருசப்பன் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் தடவையே ண்ணா. கெடுக்கணும்னு நெனைக்கிறவன் வொயரை அறுத்துட்டுப் போவான். இது ஷார்ட் ஆகிடக் கூடாதுன்னு துணி சுத்தி, அதுமேல தையல் நூல் கட்டியிருந்துது. வீட்டுல இருக்கிறவங்க அக்கறையா செஞ்சதுன்னு தெரிஞ்சுது. ஏன்னுதான் தெரியல."

"ஏன்னு தெரியாமலா செய்யாத தப்பை ஒத்துக்கின? பேரு போச்சேப்பா உனக்கு."

இருசப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டே சொன்னான்:

"நான் இல்லன்னு சொல்லியிருந்தா, அதே கோவத்தோட வீட்டுக்குப் போயி அண்ணியைத்தானே ண்ணா கேட்டிருப்பீங்க?"