முழங்கைப் பள்ளம்

நூற்றாண்டு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான், பள்ளியின் சரித்திரம் திரும்பிக் கிடப்பது தெரிய வந்தது.

கம்பியில்லாத ஜன்னல். அதன் அடியில் ஓர் அகலமான சுண்ணாம்புக்கல். கல்லில் முழங்கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இரண்டு பள்ளம்.

பள்ளியைக் கட்டிக் கொடுத்த வள்ளல் தினமும் வந்து, வகுப்புக்குள் இந்த ஜன்னலில் சாய்ந்து நின்று பாடம் கேட்டு மகிழ்வாராம். அவருடைய முழங்கைகளாம். விழா மலரில் வள்ளலின் பேரன் அப்படித்தான் எழுதியிருந்தார்.

தாத்தா நின்ற மாதிரியே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை. பள்ளமோ கல்லின் வெளி ஓரத்தில் இருந்தது. உள்ளேயிருந்து எக்கிப் பார்த்தார். தொப்பை சுவரில் முட்டிக்கொண்டு இதற்கு மேல் முடியாது என்றது. போட்டோக்காரர் மரியாதையாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்வெட்டுப் பதிக்க வந்த கொத்தன் நான். பேரன் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கல்லைப் பேத்துத் திருப்பிப் போட்டுடுப்பா. எவன் பார்க்கப் போறான்."

பேர்த்துத் திருப்பிப் போட்டேன். பள்ளம் உள்பக்கம் வந்தது. படமும் நன்றாகவே வந்தது.

அடுத்தது கல்வெட்டு. பதிக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பது என் பழக்கம். வள்ளல் காலமான வருடம் மேலே இருந்தது, பள்ளி திறந்த வருடம் கீழே. கழித்துப் பார்த்தேன். மனிதர் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் தினமும் வந்து பாடம் கேட்டிருக்கிறார். அப்படியொரு கல்வி ஆர்வம்.

பேசாமல் பதித்துவிட்டுப் போயிருக்கலாம். வாய்க்கொழுப்பு, சொல்லிவிட்டேன்.

பேரனின் முகம் சுண்டிப்போனது. அவர் கல்வெட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இந்த வயதுக் கொத்தனுக்கு இவ்வளவு படிப்பு எங்கிருந்து வந்தது, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். வருடம் தப்பானதைவிட அதுதான் அவருக்கு உறுத்தியது.

"இதே பள்ளிக்கூடந்தாங்க. உங்கப்பா தாளாளரா இருந்தப்போ எங்க தெருப் புள்ளைங்கள உள்ள விடமாட்டாரு. வெளிய நின்னு, இந்தக் கல்லுல முழங்கைய ஊனித்தான் படிச்சோம்."

ஒருத்தன் எட்டிப் பார்த்து, கீழே குந்தியிருக்கும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒருத்தன் முறை. என் முறை செவ்வாய்க்கிழமை, அன்றைக்குக் கணக்குப் பாடம். கழித்தல் எனக்கு நன்றாக வரும்.

சிறப்பு விருந்தினரின் கார் வரும் சத்தம் கேட்டதும், பேரன் இரண்டு பள்ளத்தையும் சிமெண்ட் வைத்து மட்டமாகப் பூசிவிடச் சொல்லிவிட்டு மாலையோடு ஓடினார்.

பூசினேன். பள்ளம் இருந்த இடமே தெரியாமல் வழவழவென்று பூசினேன்.

எவ்வளவு மணலைக் கூட்டினால் பூச்சு எத்தனை நாளில் உதிரும் என்று எனக்குத் தெரியும். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் வரை தாங்கும். அப்புறம் அந்த இரண்டு பள்ளமும் வகுப்புக்கு உள்ளே இருக்கும்.