அக்கரைச் சிவப்பு

ஆற்றுப் பாலத்தின் இரு முனைகளிலும் மாவட்டப் பலகைகள் ஒளிர்ந்தன. குழந்தைகளைக் கொடுமை செய்ததாகப் பதிவான புகார்களை அவை எண்ணிக் காட்டும். இக்கரையில் பச்சைப் பூஜ்யம். அக்கரையில் சிவப்பாய் நானூற்றுப் பன்னிரண்டு. அங்கே பெண் கொடுக்கவே ஆட்கள் யோசித்தார்கள்.

பள்ளி ஆசிரியை எஸ்தர், சித்தப்பா வீட்டில் வளரும் மரகதத்தைக் கூட்டிக்கொண்டு அக்கரைப் பேருந்தில் ஏறினாள். சிறுமியின் கையில் சித்தப்பா வைத்த சூடு இன்னும் ஆறவில்லை. எஸ்தர் எத்தனை முறை சொல்லியும், இக்கரையின் புகார் இயந்திரம் ‘குடும்பக் கண்டிப்பு’ என்று முடித்துவிட்டது.

“செவப்பு ஊருக்கா டீச்சர்? புள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க” என்று சிரித்தார் கண்டக்டர்.

மரகதம் எஸ்தரின் முந்தானையைப் பற்றினாள். “வேணாம் டீச்சர். நம்ம ஊருதான் பச்சை.”

எஸ்தர் சிறுமியின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பாலத்தை ஒட்டிய அக்கரைப் புகார் அலுவலகத்தில் இருந்த பெண் காயத்தைப் பார்த்தாள். “யாரும்மா பண்ணது?” என்று கேட்டாள். மரகதம் அழுது, திக்கி, சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“இனி நீ அந்த வீட்டுக்குப் போக வேணாம்” என்றாள்.

காப்பக வண்டிக்காக வெளியே வந்து நின்றபோது பலகையில் நானூற்றுப் பதின்மூன்று என்றிருந்தது. மரகதம் அண்ணாந்து பார்த்தாள்.

“கூடுன ஒண்ணு நானா டீச்சர்?”

“ஆமாடா. நீதான்.”

மரகதம் திரும்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த பச்சைப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சித்தப்பா வீட்ல சின்னப் பாப்பாவும் இருக்கு டீச்சர். அதையும் இங்க எண்ணுவாங்களா?”