குட்டிப்பிசாசு கேட்ட அனுமதி

"புது மெஷினுக்கு உன்னையும் தெரியல, என்னையும் தெரியலக்கா. விண்டோஸ் லைசென்ஸ் பழைய மதர்போர்டோட போச்சுங்குது."

தம்பி கீபோர்டைத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். காலையிலிருந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவனே பொருத்திய கம்ப்யூட்டர் அது. பழையது இடி மின்னலில் கருகிப்போயிருந்தது. பிழைத்தது ஹார்டு டிஸ்க் மட்டும்தான். அதைப் புதுப் பெட்டிக்குள் வைத்து, பழைய விண்டோஸைப் புதியதாக மாற்றினான். அது நின்று நின்று ஓடி, உயிரை வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு மல்லுக்கு நிற்கிறது. 'ஆக்டிவேட் செய்யவும்' என்ற எழுத்து திரையின் மூலையை விட்டு நகர்வதாக இல்லை.

"திங்கக்கிழமை வேலையில சேரணும்டா. ஆக்டிவேட் ஆகாத மெஷினை அவங்க உள்ளேயே விடமாட்டாங்களாம்" என்றாள் அக்கா. வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்க்கும் வேலை. நாயாய் அலைந்து கிடைத்தது.

"அவ்வளவுதானே? புது லைசென்ஸ் நான் வாங்கித் தர்றேன்."

"வேண்டாம். பழசு உங்க மாமா அக்கவுன்ட்லதானே இருக்கு? அதையே இதுக்கு மாத்து."

"சொன்னா கேளுக்கா. செத்தவங்க அக்கவுன்ட்டுக்குள்ள போய் எதுக்கு..."

"போ." அவள் குரல் உடைந்தது. "அந்த வெள்ளம் அவரோட ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரலடா. இந்த வீட்டுக்கு அவர்கிட்டேர்ந்து கடைசியா ஒண்ணு வரட்டுமே. ஒரே ஒண்ணு."

தம்பி கீபோர்டை மறுபடி இழுத்துக்கொண்டான். மூன்று வருடம் ஆகிவிட்டது. பாலத்தின் மேல் பைக் நின்றது, ஆளைக் காணோம். கீழே ஆறு கரை புரண்டு ஓடியது. "அந்த மழையில பாப்பாவுக்குக் கலர் பென்சில் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினவ நான்தானே" என்று அவள் அழாத நாள் கிடையாது. அவள் சொல்லிச் சொல்லியே மாமாவின் வீட்டாரும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"மெஷினுக்கு ஒரு பேர் வைக்கச் சொல்லுது. என்ன வைக்க?"

"குட்டிப்பிசாசு."

தம்பி சிரித்துவிட்டான். பள்ளிக்கூடம் போயிருக்கும் மகளை மாமா ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார். வேறு யாராவது கூப்பிட்டால் கடித்து வைப்பாள். தட்டி முடித்தான்.

அடுத்து பாஸ்வேர்டு. அக்கா சொன்ன முதல் பாஸ்வேர்டையே அது ஏற்றுக்கொண்டது. மகளின் பிறந்த தேதிதான். இத்தனை நாளுக்குப் பிறகும் அது மாறாமல் இருந்ததில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் திரை விடவில்லை.

'உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். "குட்டிப்பிசாசு" என்ற கணினி உங்கள் கணக்கைப் பயன்படுத்தலாமா? ஆமாம் அல்லது இல்லை என்று அழுத்தவும்.'

"போச்சுடா! மாமா போன்ல போய் அனுமதி கேக்குதுக்கா."

"அந்த போன் அவரோடயே போச்சே?" அவள் முகம் இருண்டது. "இதுவும் கிடைக்காதா எனக்கு?"

"அட, பயப்படாதே. கொஞ்ச நேரம் சக்கரம் சுத்தும். யாரும் அழுத்தலைன்னா 'பதில் வரவில்லை'ன்னு சொல்லிட்டு, வேற வழி காட்டும். உன் நம்பரையும் மாமா இதுல குடுத்து வச்சிருக்காரு. உனக்கு ஓடிபி வரும், போட்டா வேலை முடிஞ்சுது."

"ஒருவேளை அந்த போன் யார் கையிலயாவது கிடைச்சிருந்தா?"

"கிடைச்சு என்ன பண்றது? மாமா விரலை வைக்காம இந்த ஆப் திறக்கவே திறக்காது. அந்த விஷயத்துல மனுஷன் படு உஷாரு."

சக்கரம் சுற்றியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி விரலால் மேசையில் தாளம் போட்டான். அவள் புடவைத் தலைப்பால் புது மானிட்டரில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"இந்தப் பேரைப் பாத்திருந்தா அவர் எப்படிச் சிரிச்சிருப்பாரு தெரியுமா?" என்றாள். "எவ்வளவு கோவத்துல இருந்தாலும் அவ ஒண்ணு கேட்டா போதும். 'என் குட்டிப்பிசாசு கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவேனா'ம்பாரு. அன்னைக்கும் அப்படித்தான். அவ்வளவு மழை, போகாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆசையா கேட்டுட்டாளேன்னு நானும் சேந்து அனுப்பினேன். நான்தாண்டா கொன்னுட்டேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? விடுக்கா."

"எப்படி விடறது? மழை பேஞ்சா இவ ஜன்னல்கிட்டே போய் நிக்கிறா. அப்பா எப்போ வருவாருன்னு இப்பல்லாம் கேக்கறதுகூட இல்ல. எனக்கு அதுதான் தாங்கல."

தம்பி திரையைப் பார்த்துக்கொண்டான்.

சக்கரம் நின்றது.

"வந்துடுச்சு பாரு. பதில் வரவில்லைன்னு..." என்று ஆரம்பித்தவன், மவுஸின் மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். நிமிர்ந்து அக்காவைப் பார்க்கவும் இல்லை.

"என்னடா போட்டிருக்கு?"

அவள் கண்ணீரைத் துடைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து தானே படித்தாள்.

'உங்கள் போனில் "இல்லை" என்று அழுத்தியிருக்கிறீர்கள். "குட்டிப்பிசாசு" இனி உங்களைத் தொந்தரவு செய்யாது.'