பூனை தாவும் ஜன்னல்

கல்லூரியின் இணையவழிப் பரிமாற்றத் திட்டத்தில் சிவரஞ்சனிக்கு ஜோடியாக வாய்த்தவள் நார்வேக்காரி இங்ரிட். வீடியோ அழைப்பில் பத்து மணி நேரம் பேசினால் இருவருக்கும் சான்றிதழ். எட்டாவது மணி நேரத்தில், பரீட்சை முடிந்ததும் தனக்குக் கல்யாணம், அதில் இஷ்டமில்லை என்று யாரிடமும் சொல்லாததை சிவரஞ்சனி திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னாள். இங்ரிட் தலையசைத்தாள், முடியை ஒதுக்கினாள், புன்னகைத்தாள். பின்னால் ஒரு செம்பட்டைப் பூனை ஜன்னலில் தாவியது. சிவரஞ்சனி அழுதபோதும் அதே தலையசைப்பு, அதே புன்னகை, அதே பூனை. நான்காம் முறை அது தாவியபோதுதான் புரிந்தது. முன்பே எடுத்த வீடியோவை ஓடவிட்டுவிட்டு இங்ரிட் எழுந்து போயிருக்கிறாள்.

"யார்கிட்டடி இவ்ளோ நேரமா பேசிட்டிருக்க?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஃப்ரெண்டுகிட்டம்மா."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள். இங்ரிட் தலையசைத்தாள்.